நேர்முகத் தேர்வுக்குக் கட்டிய ஒசரி

மகளுக்குக் கொழும்பிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தபோது, அவள் அங்கே என்ன பதில் சொல்வாள் என்று நான் கவலைப்படவில்லை. என்ன உடுத்திப் போவாள் என்றுதான் கவலைப்பட்டேன். யுத்தத்தின் கடைசி ஆண்டுகள் அவை. றக்வானையிலிருந்து கொழும்பு போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸை எங்கெங்கே நிறுத்திச் சோதிப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. முந்திய மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தியைப் பொட்டைப் பார்த்துவிட்டு இறக்கி, பகல் முழுக்கப் பொலிசில் உட்கார வைத்திருந்தார்கள். கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், அதன் பிறகு தோட்டத்தை விட்டு இறங்கவேயில்லை.

என் மகளும் அப்படி உட்கார்ந்துவிடக் கூடாது. உயர்தரம் பாஸ் பண்ணி, இரத்தினபுரியில் கம்ப்யூட்டர் படித்து, இரண்டு வருஷம் வீட்டில் இருந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு அது. ஒரு நிதிக் கம்பெனியில் கவுண்டர் வேலை. சேலையில் வந்தால் நல்லது என்றிருந்தார்கள்.

நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கல்விக் கந்தோரில் கூட்டம் என்றால் சிங்கள டீச்சர்மாரைப் போல ஒசரி கட்டிக்கொண்டு போவேன். கொசுவத்தின் மேல் விளிம்பை இடுப்பைச் சுற்றி விசிறியாக மடித்து விடுகிற கண்டிக் கட்டு அது. கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். மகளுக்கும் அதையே கட்டுவது என்று முடிவு செய்தேன்.

"நான் போறது வேலைக்கா, வேஷத்துக்காம்மா?" என்றாள்.

"அசையாம நில்லு. ஊக்கு குத்திரும்."

அவள் நெற்றியிலிருந்த ஒட்டுப் பொட்டை நானே எடுத்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றதால் என்னுடையதையும் எடுத்தேன். கணவர் தொழிற்சாலை வேலைக்குப் போயிருந்தார். அவர் பார்க்காதது நல்லது என்று நினைத்தேன்.

ஆனால் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவைத் திறக்க வந்துகொண்டிருந்த ஆயாம்மா பாதையில் எங்களைப் பார்த்துவிட்டார். என் நெற்றியைப் பார்த்ததும் சாவிக்கொத்தை மார்போடு பிடித்துக்கொண்டார்.

"என்னங்க டீச்சர், சார் நல்லாத்தானே இருக்காரு?"

"நல்லா இருக்காரு. கொழும்புக்குப் போறோம், அதான்."

அவருக்குப் புரிந்தது. மகளை மேலும் கீழும் பார்த்தார். "அட, ஏதோ சிங்கள டீச்சர் நம்ம ஸ்கூலுக்கு மாத்தலாகி வந்திருக்குன்னுல்ல நெனச்சேன். சிங்களப் பக்கமே மாப்பிள்ள தேடிடலாம் போலயே!" மகள் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

அவிசாவளை தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தினார்கள். அடையாள அட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் இருக்கையருகே வந்த சிப்பாய் மகளின் அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தான். பிறகு அவளைப் பார்த்தான். மறுபடியும் பெயரைப் படித்தான்.

"தெமளத?" தமிழா என்று கேட்டான்.

அவள் தலையசைத்தாள்.

"அப்படியானால் ஒசரி எதற்கு?" சிங்களத்தில்தான் கேட்டான். நானும் சிங்களத்தில் பதில் சொன்னேன். றக்வானைப் பக்கம் எல்லோரும் இப்படித்தான் கட்டுவோம், நான் டீச்சர், இவள் என் மகள், வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று. என் சிங்களம் பிசகாமல் வந்தது. அதுவே அவனுக்குப் பிடிக்கவில்லை போலிருந்தது. மகளின் நெற்றியை விரலால் சுட்டினான்.

அப்போதுதான் நானும் கண்டேன். சின்ன வயதிலிருந்து ஒரே இடத்தில் பொட்டு ஒட்டி ஒட்டி, புருவ நடுவில் வட்டமாக ஒரு வெளுப்பு. பொட்டை எடுத்திருந்தேன். பொட்டு இருந்த இடம் அப்படியே இருந்தது.

"கழற்றிவிட்டு வந்திருக்கிறாய். ஏன்? எதை மறைக்கிறாய்?"

இருவரையும் இறங்கச் சொன்னான். பஸ்ஸில் ஒருவர்கூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. கொண்டக்டர் எங்கள் பையை எட்டி நீட்டினான். பஸ் போய்விட்டது.

தகரக் கொட்டிலில், சாக்குத் திரைக்குப் பின்னால் ஒரு பெண் பொலிஸ் இருந்தாள். மகளைவிட நான்கைந்து வயது கூடியவளாக இருக்கலாம். சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சோற்றுப் பார்சலைப் பிரித்தாள். பிறகு இடுப்பு மடிப்பில் கைவைத்து, இதற்குள் என்ன என்று கேட்டாள். துணிதான் என்றேன். அவிழ்க்கச் சொன்னாள். நான் குத்திய ஊக்குகளை நானே கழற்றினேன். மகள் கைகளைச் சற்று விரித்து, தையற்காரரிடம் அளவு கொடுப்பவளைப் போல நின்றாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அக்கே, பொட்டோடு வந்திருந்தால் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு விட்டிருப்பார்கள்."

போன மாதம் பொட்டோடு வந்த பிள்ளையை என்ன செய்தீர்கள் என்ற கேள்வி வாய்வரை வந்தது. மகளின் அட்டை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. "ஆமாம் மிஸ்" என்றேன்.

மறுபடி ஒசரி கட்டப் பார்த்தேன். மடிப்பு நிற்கவில்லை. மகள் என் கையை விலக்கிவிட்டு, வீட்டில் கட்டுகிற மாதிரி சேலையைச் சாதாரணமாகச் சுற்றி, முந்தானையைத் தானே குத்திக்கொண்டாள்.

"பின்னால கசங்கிருக்கா?"

"இல்ல." கசங்கித்தான் இருந்தது.

அடுத்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டு முடிந்திருந்தது. கடைசியாக எடுப்பதாகச் சொன்னார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த மற்றப் பிள்ளைகளைப் பார்த்தேன். ஒருத்தி பாவாடை சட்டை, ஒருத்தி சல்வார், இரண்டு பேர் ஒசரி. யாருடைய துணியிலும் ஒரு சுருக்கம் இல்லை. மகள் உள்ளே போனபோது அவள் முதுகில் பிடித்துப் பிசைந்ததைப் போன்ற மடிப்புகள் தெரிந்தன. எழுந்து போய் நீவிவிட நினைத்தேன். அதற்குள் கதவு மூடிக்கொண்டது.

வெளியே வந்தவளிடம் என்ன கேட்டார்கள் என்றேன்.

"ஏன் லேட்டுன்னு கேட்டாங்க. பஸ் பழுதுன்னு சொன்னேன்."

"வேற?"

"தமிழ் எழுதத் தெரியுமான்னு. அவங்களுக்கு வேணுங்கிறதே தமிழ் தெரிஞ்ச பிள்ளதானாம்மா." சோற்றுப் பார்சலை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடினாள். "புளிச்சிருச்சு."

வேலை கிடைத்தது. கணவர் சந்தோஷப்பட்டார். நான் அனுப்ப மாட்டேன் என்றேன். மூன்று நாள் பிடிவாதமாக இருந்தேன். அவள் என்னோடு வாதாடவில்லை. பெட்டியை மட்டும் அடுக்கினாள். "நான் வீட்டுலயே உட்காந்துட்டா மட்டும் உங்களுக்குத் தூக்கம் வந்துருமா?" என்று ஒரு தடவை கேட்டாள். வராது என்று எனக்கும் தெரியும். போகட்டும் என்றேன்.

கொழும்பில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கினாள். முதல் வாரம் தொலைபேசியில் பேசியபோது, சாப்பாட்டைக் கேட்கும் முன்பே உடுப்பைக் கேட்டேன். கம்பெனியே யூனிபோம் கொடுத்துவிட்டதாம். சாம்பல் நிறச் சேலை, எல்லோருக்கும் ஒரே மாதிரி. எனக்கு மூச்சு வந்தது. யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்றேன்.

"பேர் எழுதின பட்டி ஒன்னும் குடுத்திருக்காங்கம்மா. நெஞ்சுல குத்திக்கணும். மூனு பாஷைலயும் இருக்கு."

பஸ்ஸிலுமா என்று கேட்டேன்.

"பயப்படாதீங்க. பஸ்ஸுக்கு வரமுன்ன கழட்டி பேக்ல போட்டுருவேன்" என்றாள், குடையை மடக்கி வைப்பதைச் சொல்வது போல. அதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.