பிடியரிசிப் பானையைத் திறந்தவள்

கமிட்டிக் காரியதரிசி ஐயா, நீங்கள் நம்முடைய சபைப் பத்திரிகையில் எழுதியது பொய். கலஹாப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி ஆண்டவருக்குச் சேரவேண்டிய அரிசியைக் களவாடி, அஞ்ஞானிகளுக்கு விருந்து வைத்தாள் என்று அச்சுப் போட்டீர்கள். அதற்காக அவள் இராப்போசனத் திருவிருந்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருக்கிறாள் என்றும் எழுதினீர்கள். பின்னால் சொன்னது உண்மை. முன்னால் சொன்னது பொய். அன்றைக்கு நீங்கள் கண்டியில் இருந்தீர்கள். அந்த அரிசியைச் சோறாக வடித்தது நான். மறக்க முடியாத அனுபவத்தை எழுதி அனுப்பும்படி வாசகர்களை நீங்களே கேட்டிருக்கிறீர்கள். இது என்னுடையது.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. எங்கள் தோட்டத்தில் பாதி மலையைக் கொழுந்து எடுக்காமல் விட்டுவிட்டார்கள். செடிகள் மரமாக வளர்ந்து நின்றன. வாரத்தில் சில நாட்களுக்குத்தான் வேலை. அதற்கும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் போய் நின்று பேர் கொடுக்க வேண்டும். பிரட்டுக்கு வராதவர்களின் பேரை முதலில் வெட்டினார்கள். வெட்டின பேர்க்காரர்களைக் குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையில் காம்பிரா அறைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டு வந்தன. யாரும் அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. மூட்டையைக் கட்டினார்கள், போனார்கள்.

அந்தச் சமயத்தில் என் புருஷன் காய்ச்சலில் செத்துப்போனார். எனக்கு ஒரு பெண் குழந்தை. அப்போதுதான் ஓடி விளையாடத் தொடங்கியிருந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. பெண்சாதியின் பிறந்த வீட்டார் அரிசி கொண்டுவந்து பொங்கிப் போட்ட பிறகுதான் அந்த வீட்டு அடுப்பு எரியலாம். கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தும் இந்த வழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. என் பிறந்த வீடு கடலுக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. அங்கிருந்து யார் வருவார்கள்? எங்கள் லயத்தில் இப்படிப்பட்ட வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் யாராவது பிறந்த வீட்டாராக நின்று அரிசி போடுவார்கள். அந்த வருஷம் அப்படிப் போடுவதற்கு யாரிடமும் அரிசி இல்லை. தங்கள் பிள்ளைகளுக்கே கஞ்சியைத் தண்ணீர் விட்டு நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை.

ஆகவே என் அடுப்பு எரியவில்லை. பக்கத்துக் காம்பிராக்காரர்கள் குழந்தைக்கு ஏதாவது ஊட்டிவிடுவார்கள். எனக்குக் கொடுத்ததை நான் பாதி தின்பேன், பாதியை வைத்துவிடுவேன். பிரட்டுக்குப் போகவில்லை. சாக்கை விரித்துப் படுத்துக் கிடந்தேன். கங்காணி வாசலில் நின்று, "இந்தா பாரு, வர்ற வாரமும் நீ மலைக்கு வரலேன்னா பேர வெட்டிருவாங்க. பொறகு எங்கிட்ட வந்து அழுவாத" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுகூட எனக்கு உறைக்கவில்லை. சபை உபதேசியார், எல்லாம் ஆண்டவருடைய சித்தம், பொறுமையாயிரு என்று கண்டியிலிருந்து சொல்லியனுப்பினார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அந்தச் சொல் எனக்குள் ஏறவில்லை.

இனிப் பானையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிறிஸ்தவப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்து வைப்பது எல்லாருக்கும் தெரியும். எங்கள் லயத்தின் கடைசிக் காம்பிராதான் ஜெபவீடு. உள்ளே ஒரு மேசை, உபதேசியாருக்கு ஒரு கதிரை, மூலையில் வாய்க்குத் துணி கட்டிய ஒரு பானை. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வரும்போது அவரவர் வீட்டுப் பிடியரிசியை அதில் போடுவோம். உபதேசியார் மாதம் ஒருமுறை வந்து சாக்கில் கட்டிக் கண்டிக்கு எடுத்துப் போவார். அங்கே ஆராதனை முடிந்ததும் ஏலம் போட்டுச் சபை நிதியில் சேர்ப்பார்கள். இந்தப் பஞ்சத்திலும் எங்கள் பெண்கள் அதை நிறுத்தவில்லை. பானைக்குப் பொறுப்பாக இருந்தவளை எல்லாரும் பானையக்கா என்போம். பிள்ளை குட்டி இல்லாதவள். வாய் நீளம். "பிடி சின்னதாப் போச்சு, சாமி பெரிசாத்தான் இருக்காரு, போடுங்க போடுங்க" என்று சிரிப்பாள்.

அந்த மாதமும் அதற்கு முந்தின மாதமும் உபதேசியார் வரவில்லை. மழையில் பாதை உடைந்து பஸ் மேலே வருவதில்லை என்றார்கள். பானையில் அரிசி கிடந்து வண்டு வைத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் முடிந்த நேரம். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பானையக்கா அந்தப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். பின்னால் லயத்துப் பெண்கள் நாலைந்து பேர்.

"ஏ புள்ள, எந்திரி. ஒன் பொறந்த வீட்டுலேர்ந்து அரிசி வந்திருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. "கேலி பண்ணாதக்கா. எனக்கு யாரு இருக்கா?" என்றேன்.

"ஞானஸ்நானம் எடுத்தியா இல்லையா? அன்னைக்குப் புதுசாப் பொறந்தேன்னு சொன்னாங்களா இல்லையா? எந்த வீட்டுல பொறந்த? அந்த வீட்டுப் பானதான் இது. நாங்க ஒன் ஆளுங்க. வந்துட்டோம். அடுப்ப மூட்டு."

பின்னால் நின்ற ஒருத்தி பயந்துபோய், "அக்கா, இது கண்டிக்குப் போற அரிசி. உபதேசியார் கேட்டா என்ன சொல்ல?" என்றாள்.

"கண்டிக்குப் போனா வண்டு மட்டுந்தான் போய்ச் சேரும். சொளக எடு."

நான் எழுந்தது பக்தியினால் அல்ல. அவள் போகமாட்டாள் என்று தெரிந்ததால்தான் எழுந்தேன். அடுப்புச் சாம்பலை வாரிக் கொட்டினேன். விறகு ஈரமாக இருந்தது. ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரிந்தது. பெண்கள் வாசலில் உட்கார்ந்து சுளகில் அரிசியைப் பரப்பி வண்டு பொறுக்கினார்கள். என் மகள் ஒரு வண்டைக் கையில் பிடித்துவைத்துக்கொண்டு, அது முழங்கை வரை ஊர்ந்து ஏறுவதைப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தது. அப்பன் செத்த பிறகு அந்தப் பிள்ளை சிரித்து நான் கேட்கவில்லை. ஒருவேளை சிரித்திருக்கும். நான் கவனிக்கவில்லை.

புகையைப் பார்த்துவிட்டு லயத்தின் மற்றப் பக்கத்திலிருந்து கோயில் சாமி கும்பிடுகிற வீட்டுப் பெண்களும் வந்தார்கள். அவர்களும் பட்டினிதான். ஒருத்தி பூசணிக்காய்த் துண்டு கொண்டுவந்தாள். இன்னொருத்தி வெறுங்கையோடு வந்து, வெட்கப்படாமல் வண்டு பொறுக்க உட்கார்ந்தாள். கெலிஓயாவிலிருந்து துணிமூட்டை சுமந்து வரும் முஸ்லிம் வியாபாரி ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அந்தப் பாதையாக வந்தார். அப்போது எங்கள் லயத்தில் துணி வாங்க யாரும் இல்லை. ஆனாலும் பழக்கத்துக்கு வருவார்.

"என்ன புள்ளயள், இன்டைக்கி உங்கட பெருநாளா? ஒரு சொல்லும் சொல்லல்லியே?"

"பெருநாளு அடுப்புல வேகுது நானா. கொழம்புதான் வெறும் தண்ணி" என்றாள் பானையக்கா.

"ஆண்டவன்ட சோத்துக்கு மாசி இல்லாம ஏலுமா?" என்று சொல்லி, தன் வீட்டுக்கென்று வாங்கி முடிந்து வைத்திருந்த மாசிக் கருவாட்டுத் துண்டையும் காய்ந்த மிளகாயையும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டார். "எண்ட பொண்டாட்டி ஏசுவா. ஏசினா ஏசட்டும்."

மாசியை இடித்துக் குழம்பில் போட்டதும் வந்த வாசனையை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. லயம் முழுவதும் அந்த வாசனைதான். அதில் வாயைப் பிளந்துகொண்டு நின்று நான் சோற்றைக் கவனிக்கவில்லை. அடிப்பிடித்துவிட்டது. எனக்குச் சோறு வடிக்கக் கைப்பதம் உண்டு என்று பேர். அன்றைக்குப் பார்த்து அது காந்திப் போனது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். பானையக்கா எட்டிப் பார்த்து, "விடு புள்ள, அடிச்சோறு எனக்கு. பல்லுக்கு வேலை கெடைச்சு எவ்வளவு நாளாச்சு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு வாயைப் பொத்திக்கொண்டேன். தாலி அறுத்தவள் சிரிக்கலாமா என்று பயம். யாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

லயத்து வாசலில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். வேதக்காரர், சாமி கும்பிடுகிறவர், படிக்கட்டில் அந்த நானா. பானையக்கா ஜெபம் பண்ணினாள். நீளமான ஜெபம் அல்ல. "சாமி, ஒங்க அரிசிய ஒங்களக் கேக்காம எடுத்துட்டோம். நீங்க கோவிக்க மாட்டீங்க. ஆமென்." இவ்வளவுதான். ஆளுக்கு ஒரு அகப்பைச் சோறுதான் வந்தது. விருந்து என்று நீங்கள் எழுதினது இதைத்தான் ஐயா.

மறுநாள் காலை பிரட்டுக்குப் போனேன். கங்காணி என்னைப் பார்த்தார், பேரைப் பதிந்துகொண்டார். கூடையை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். என் பேரை வெட்டவில்லை. நானும் மகளும் இன்றைக்கும் இதே தோட்டத்தில் இருக்கிறோம். அன்றைக்கு அந்தப் பானையைத் திறந்திருக்காவிட்டால் நாங்கள் கப்பலில் இருந்திருப்போம், அல்லது என் புருஷனுக்குப் பக்கத்தில் இருந்திருப்போம். கூட்டிச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் பாதை சரியாகி உபதேசியார் வந்தார். பானையைப் பார்த்து, அரிசி எங்கே என்று கேட்டார். பானையக்கா ஒளிக்கவில்லை. "சமைச்சிட்டோம்" என்றாள். யாரைக் கேட்டுச் சமைத்தாய் என்றார். "பசிச்சவங்களக் கேட்டோம், சரின்னாங்க" என்றாள். அவளுடைய வாய் அப்படி. அது அவளுக்கு நல்லது செய்யவில்லை. அவர் போய்க் கண்டியில் சொன்னார். நீங்கள் இங்கே ஆள் அனுப்பி விசாரிக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திரிகையில் போட்டுவிட்டீர்கள்.

பிறகு போதகர் திருவிருந்து கொடுக்க வந்தபோது நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் நின்றோம். எனக்கு அப்பம் தந்தார். அவளைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போனார். அவள் நீட்டின கையை மடக்கிக்கொண்டாள். வெளியே வந்து, "வா புள்ள, சாயத் தண்ணி குடிப்போம்" என்று என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டாள். அதைப் பற்றி இதுவரை ஒரு பேச்சுப் பேசவில்லை. இன்றைக்கும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைக்கிறாள். உங்கள் ஏலத்துக்கு அது வந்துகொண்டுதான் இருக்கிறது. வாங்கும்போது மட்டும் அது கள்ளியின் கை என்று உங்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

நான் வேதவசனம் எடுத்துக் காட்டப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். ஆண்டவர் நம்மைக் கைவிடவில்லை என்று பிரசங்கத்தில் யாராவது சொன்னால் எனக்கு மனதில் வருவது சுளகும் வண்டும் மாசி வாசனையும்தான். இந்த வருஷங்களையெல்லாம் நான் கடந்து வந்தது அந்த ஒரு மத்தியானத்தைப் பிடித்துக்கொண்டுதான்.

இப்போது என் கேள்வி. அது களவுச் சோறு என்றால் அதைத் தின்ற நானும் கள்ளி. நான் தின்றதைப் போதகரிடம் சொல்லிவிட்டுத்தான் முழங்காலில் நின்றேன். எனக்கு அப்பம் தந்தது சரி என்றால் அவளுக்குத் தராதது அநியாயம். அவளுக்குத் தராதது சரி என்றால் என்னையும் விலக்குங்கள். இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும், காரியதரிசி ஐயா. உபதேசியாரை அனுப்பி எனக்குத் தனியாகச் சமாதானம் சொல்ல வேண்டாம். பழி அச்சில் வந்தது. பதிலும் இதே பத்திரிகையில், எல்லாரும் வாசிக்கும்படி, உங்கள் கையெழுத்தோடு அச்சில் வரட்டும்.