நாலாவது தடவையில் இறங்கிய விமானம்

கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாயிடம் நான் போனது, உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிப்பதற்காக. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை விரல் ரேகை வைத்து உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். எழுபத்தெட்டு வயதில், கரும்புச் சோகை அறுத்து அறுத்துத் தேய்ந்துபோன என் விரல்களில் ஒன்றைக்கூட அந்தச் சின்னக் கருவி ஏற்றுக்கொள்ளவில்லை.

"கொஞ்ச நேரம் குந்துங்க சார், மறுபடி வெச்சிப் பாக்கலாம்" என்றார் பாய்.

முன்பு ஜெராக்ஸ் மெஷின் இருந்த பின்னறையில் மூன்று திரைகளைப் பக்கம் பக்கமாக வைத்து, எதிரே பழைய கார் இருக்கை ஒன்றைப் போட்டிருந்தார். இருக்கையின் முன்னால் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக், இடது பக்கம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில், காலடியில் பெடல்கள். காலேஜ் பிள்ளைகள் வந்து காசு கொடுத்து விமானம் ஓட்டுகிறார்களாம். நான் கேட்காமலே போய் உட்கார்ந்துவிட்டேன்.

பாய் முதலில் நம் ஊரின் மேலேயே பறக்க விட்டார். நிலத்தின் உண்மையான படத்தை விரித்த விளையாட்டு அது. கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலையின் விளிம்பை ஒட்டித் தாழ்வாகப் போனேன். விமானம் திரும்பும்போது உடம்பை இருக்கையில் அழுத்தும் பாரம் இல்லை, எரிபொருள் வாசனை இல்லை. பொம்மைதான். ஆனால் டீ கிளாஸைப் பிடித்தால் நடுங்குகிற என் வலது கை, ஸ்டிக்கில் அசையாமல் இருந்தது. பாய் அதைத்தான் கவனித்திருக்கிறார்.

"சார் முன்ன இன்னா வேல பாத்தீங்க?"

எழுபத்தொன்றாம் வருட யுத்தத்தில் போர் விமானம் ஓட்டினேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, முழுவதையும் சொன்னேன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. இரண்டு விமானங்களாகப் போய் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் போன விமானத்தில் என் சீனியர். அவரும் நம் பக்கத்து ஆள்தான், திருநாவலூர்க்காரர். எல்லைக்கு அந்தப் பக்கம் தரையிலிருந்து சுட்டதில் என் விமானத்தில் அடி விழுந்தது. எல்லையைத் தாண்டி வந்த பிறகு தீ விளக்கு எரிந்தது. த்ராட்டிலைக் குறைத்தேன், விளக்கு அணையவில்லை. ஸ்டிக் மரம் மாதிரி இறுகியது. எங்கள் தளத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. கீழே வெறும் வயல் என்று பார்த்துக்கொண்டு இருக்கையோடு வெளியே தூக்கி வீசும் கைப்பிடியை இழுத்துக் குதித்துவிட்டேன். விமானம் கடுகு வயலில் விழுந்து எரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியது.

விசாரணை நடந்தது. என் சீனியர் சாட்சி சொன்னார்: "புகை எதையும் நான் பார்க்கவில்லை." முடிவில் ஒரு வரி எழுதினார்கள், சற்றுப் பொறுத்திருந்தால் விமானத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்று. தண்டனை இல்லை. அந்த வரியையும் என் முதுகையும் காரணமாக வைத்து அதன் பிறகு யாரும் எனக்குப் போர் விமானம் கொடுக்கவில்லை. ஓய்வு பெறும்வரை ஸ்டோரில் உதிரி பாகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாய் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார், "அந்த மாதிரியே இதுல செட் பண்ணலாங்க சார். எஞ்சின்ல எப்ப தீ புடிக்கணும், எவ்ளோ தூரத்துல தளம், எல்லாம் வெக்கலாம்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கட்டைவிரலைத் துடைத்து மறுபடி வைத்து, உயிர்ச்சான்றையும் வாங்கிக்கொண்டு தியாகதுருகத்துக்குப் பஸ் ஏறினேன்.

பாய் சொன்னதை வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வரியோடு என்னைக் கட்டிக்கொண்டவள். தளத்துக் குடியிருப்பில் மற்ற வீட்டுப் பெண்கள் பேசியதையெல்லாம் கேட்டவள்.

"நீங்க மட்டும் போயி இன்னா பண்றது? ஒங்க சீனியர வரச் சொல்லுங்க. அவரு ஓட்டட்டும்" என்றாள்.

சீனியரும் நானும் ஐம்பது வருடத்துக்கு மேலாகக் கல்யாணங்களில் சந்தித்துக்கொள்கிறோம். மழை பற்றி, கரும்பு வெட்டு பற்றி, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு வண்டி எப்போது போகிறது என்பது பற்றிப் பேசுவோம். இதைப் பற்றி ஒரு முறைகூடப் பேசியதில்லை. போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "வரேன்" என்றார்.

எண்பதை நெருங்கிய மனிதர், உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். பாய் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார்.

முதலில் நான் உட்கார்ந்தேன். இரண்டு முறை தளத்தை நோக்கி ஓட்டினேன். இரண்டு முறையும் பாதி வழியில் வெடித்தது.

"த்ராட்டில இன்னும் முன்னாடியே கொறச்சிருக்கணும் நீ" என்றார் அவர். அன்றைய குரல் அப்படியே இருந்தது.

"நீங்க குந்துங்கண்ணே."

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நன்றாக ஓட்டினார், அதை நான் மறுக்க மாட்டேன். முதல் தடவை வானத்தில் வெடித்தது. இரண்டாம் தடவை ஸ்டிக் வேலை செய்யாமல் மூக்குக் குத்தி விழுந்தது. மூன்றாம் தடவை ஓடுபாதை கண்ணில் பட்ட பிறகு, அதற்குச் சற்று முன்னாலேயே தரையில் மோதியது. ஒவ்வொரு தடவையும் பாயைப் பார்த்துத் தலையசைத்தார், மறுபடி போடு என்று. நாலாம் தடவை இறக்கிவிட்டார். ஓடுபாதையின் நடுவில், சக்கரம் உடையாமல். பின்னால் நின்றிருந்த இரண்டு காலேஜ் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? முடியும்."

எனக்குக் கோபம்தான், ஆனால் குரல் நிதானமாக வந்தது.

"மூணு தடவ செத்துட்டீங்கண்ணே. நாலாவதுல தீ புடிக்கறதுக்கு முன்னாடியே ஒசரத்த ஏத்தி வெச்சிக்கினீங்க. தீ வரப்போவுதுன்னு ஒங்களுக்குத் தெரியும். எனக்கு யாரு சொன்னாங்க?"

அவர் த்ராட்டிலிலிருந்து கையை எடுத்தார்.

"எழுந்திரிங்க. நான் இன்னொரு தடவ ஓட்டணும்."

உட்கார்ந்தேன். பறந்தேன். தீ விளக்கு எரிந்தது. த்ராட்டிலைக் குறைத்தேன். விளக்கு அணையவில்லை, ஸ்டிக் முரண்டு பிடித்தது. அன்றைக்கு எவ்வளவு நேரம் பொறுத்தேனோ அவ்வளவு நேரம் மட்டும் பொறுத்தேன். அது என் உடம்புக்குத் தெரியும். இந்த விளையாட்டில் வெளியே குதிக்க ஒரு பொத்தானை மூன்று முறை அழுத்த வேண்டும். அழுத்தினேன். திரையில் பாராசூட் விரிந்தது, விமானம் தனியே போய் விழுந்தது. பணி தோல்வி என்று எழுத்து வந்தது.

"இதாண்ணே நான் செஞ்சது. இன்னிக்கும் இதத்தான் செய்வேன். நாளைக்கு ஒக்கார வெச்சாலும் இதத்தான் செய்வேன்."

பாய் வெளியே போய் டீ சொன்னார். குடித்தோம். பிறகு அவரோடு பஸ் நிலையம்வரை நடந்தேன். உளுந்தூர்பேட்டை பஸ் நின்றிருந்தது. ஏறப் போனவர் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"பொகைய பாக்கலன்னு அன்னிக்கு சொன்னேன். அது நெஜம். திரும்பிப் பாத்துட்டுதான் சொல்றேன்னு அவங்க நெனச்சிக்கினாங்க." பஸ் படியைப் பார்த்தார். "நான் திரும்பியே பாக்கல. எறங்கற அவசரத்துல இருந்தேன்."

பின்னால் ஏற வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். பரவாயில்லை அண்ணே என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. ஊர்ப் பழக்கம் அது. அதைச் சொல்லவில்லை.

"இத எழுதிக் குடுங்க" என்றேன்.

"யாருக்குடா? விசாரிச்சவங்க ஒருத்தரும் இப்ப உயிரோட இல்ல."

"எனக்கு."

பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியாக அவர் என்னைப் பார்க்கவில்லை. எழுத மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

பத்து நாள் கழித்துத் தபாலில் வந்தது. அவர் கையாலேயே எழுதிய நான்கு வரி. தேதி, அவருடைய அன்றைய பதவி, எங்கள் இரண்டு விமானங்களின் எண்கள், தான் திரும்பிப் பார்க்கவில்லை என்பது. கீழே கையெழுத்து.

மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"மன்னிச்சிக்கன்னு ஒரு வார்த்த கூட எழுதலியே" என்றாள்.

"நான் அத கேக்கல" என்றேன்.