கரும்பலகையில் எழுதிய கடவுச்சொல்

கணினிக் குற்றங்களுக்கென்று நாட்டில் புதிதாகச் சட்டம் வந்தபோது, அதைப் பற்றிய பத்திரிகைக் கட்டுரையை எங்கள் ஊர்ப் பக்கத்தில் முழுதாக வாசித்தவன் நான்தான். அந்த ஒரே தகுதிக்காகப் பொகவந்தலாவையில் ஓர் ஆசிரியர் கருத்தரங்கில் பேச அழைத்தார்கள். நானும் தோட்டப் பாடசாலை ஆசிரியன்தான். ஆனாலும் டை கட்டிக்கொண்டு போனேன்.

அடுத்தவர் கணக்குக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் சிறைதான் என்று முழங்கினேன். ஓர் ஆசிரியை எழுந்தார்.

"நல்ல பாஸ்வேர்ட்டுன்னா எப்படிங்க சேர் இருக்கணும்? ஒன்னு எழுதிக் காட்டுங்களேன்."

அந்த நேரத்தில் வேறொன்றும் தோன்றவில்லை. என் சொந்தக் கடவுச்சொல்லையே கரும்பலகையில் பெரிதாக எழுதி, "இத எவனாலயும் கண்டுபிடிக்க முடியாதுங்க" என்றேன். சந்தேகம் கேட்க வசதியாக அதன் கீழேயே என் மின்னஞ்சல் முகவரியையும் எழுதினேன். பலர் குறித்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. எனக்குத்தான் தெரியாது. வலப்பனைக் கோயிலில் முகூர்த்தம், அனைவரும் வருக என்று என் மின்னஞ்சலிலிருந்து எல்லோருக்கும் அழைப்புப் போயிருந்தது. நோட்டன் பிரிட்ஜிலிருந்து தங்கை தொலைபேசியில் அழுதாள்.

"கூடப் பொறந்தவளுக்கு இன்டர்நெட்லயாண்ணே சொல்றது?"

பொலிசுக்கு ஓடினேன். சார்ஜன் சிங்களத்தில் கேட்டார்: "என்ன களவு போனது?"

"கடவுச்சொல்."

"இப்போது உங்களிடம் இல்லையா?"

"இருக்கிறது."

"பிறகென்ன களவு?"

சட்டத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தச் சொல் வேறு யாருக்குத் தெரியும் என்றார். கரும்பலகைக் கதையைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, உள்ளே இருந்த மற்றவர்களையும் கூப்பிட்டு, மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார்.

முறைப்பாட்டை விட்டுவிட்டு, ஹட்டனில் இன்டர்நெட் கடைக்குப் போய்க் கடவுச்சொல்லை மாற்றி, 'எனக்குக் கல்யாணம் இல்லை, அது யாரோ செய்த விஷமம்' என்று எல்லோருக்கும் எழுதினேன்.

முகூர்த்த நாளன்று மாலை, முன்பு எங்களோடு படிப்பித்த யாழ்ப்பாணத்து நண்பர், அப்போது கொழும்பில் இருந்தவர், கையில் பெரிய பொதியோடு என் வாசலில் நின்றார்.

"காலமை தொடக்கம் வலப்பனையிலை உம்மைத் தேடினனான். கோயில் ஐயருக்கும் உம்மைத் தெரியாது. கலியாணம் எங்கை?"

"இல்லைன்னுதான் எழுதினேனே!"

"அதைத்தான் கள்ளன் எழுதினது எண்டு நினைச்சன்."

சோறும் பருப்பும் ஆக்கிப் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று புரையேறச் சிரித்தார். பொதியில் இருந்தது ஒரு குத்துவிளக்கு.

"இதை இனிக் காவிக்கொண்டு போக ஏலாது. வைச்சிரும். எப்பவாவது கலியாணம் முடிப்பீர்தானே."

முடித்தேன். அப்போது வீடு வீடாகப் போய் வாயால்தான் அழைத்தேன். அப்படியும் சிலர் நம்பவில்லை, வரவுமில்லை.