மூன்றாவது கியரில் வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவிடம் ஒரு லாரி இருந்தது. ஆறு சக்கரம், பதினாறு வயசு. எனக்கு அப்போது பத்து. ஆக அந்த லாரி எனக்கு ஆறு வருஷம் மூத்தது, வீட்டில் அதற்குக் கிடைத்த மரியாதையும் அந்தக் கணக்கில்தான். "மாமியா இல்லாத ஊடுன்னு சொல்லிக் கட்டிக் குடுத்தாங்க. வாசல்ல ஒண்ணு நிக்குதுன்னு ஒருத்தரும் சொல்லல" என்பாள் அம்மா.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைகளில் கம்பி ஏற்றி, எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஆந்திராவுக்குள் இறக்கிவிட்டு வருவது நைனாவின் பிழைப்பு. டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் வண்டிகளுக்கு ஒரு வரிசை உண்டு. வரிசையில் உன் வண்டி நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அந்த இடத்துக்கு வர வேறு நாலு வண்டி காத்திருக்கும். அந்த வருஷம் ஐந்து மாதத்தில் இரண்டு தடவை கிளட்ச் பிளேட் மாற்றியாகிவிட்டது. அது முடிந்த கையோடு மூன்றாவது கியரில் ஒரு முனகல் ஆரம்பித்தது. குழந்தை இருமினால் அம்மாக்கள் தலையைச் சாய்த்துக் கேட்பார்கள் இல்லையா, அதேபோல நைனா வண்டி ஓட்டும்போது தலையைச் சாய்த்துக் கேட்பார்.

மேஸ்திரியும் கேட்டார். எங்கள் பக்கத்தில் லாரி மெக்கானிக்கை மேஸ்திரி என்போம். ஹைவே ஓரம் ஒரு பழைய கன்டெய்னர் பெட்டி, அதன் முன்னால் தகரக் கூரை, அதுதான் அவர் கடை. கிளட்ச் இரண்டு தடவையும் மாற்றியது அவர்தான். பெரிய உடம்பு, சின்னப் பேச்சு. பக்கத்தில் உட்கார்ந்து வண்டியை ஒரு சுற்று ஓட்டச் சொல்லி, கியர் கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். திரும்பி வந்ததும் ஒரே வார்த்தை: "எறக்கணும்."

கியர் பாக்ஸை வண்டியிலிருந்து கழற்றி இறக்க வேண்டும் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று கேட்டவர்களின் முகம் எப்படிப் போகுமோ, லாரிக்காரர்கள் முகம் இந்த வார்த்தைக்கு அப்படிப் போகும். வெள்ளிக்கிழமை அது. திங்கட்கிழமை காலை வண்டி வரிசையில் நிற்காவிட்டால் இடம் போய்விடும் என்று ஆபீஸில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். வெளியே போகிறவர்களின் பையையும் டிபன் கேரியரையும் திறந்து பார்ப்பதுதான் வேலை. எட்டு வருஷம் அடுத்தவர் டிபன் கேரியரைத் திறந்து பார்த்தவருக்கு, உலகத்தில் எல்லார் கேரியரிலும் சாம்பாருக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்று தோன்றாமல் இருக்குமா? அவருக்குச் சொந்தமாக ஒரு மொபெட் மட்டும் இருந்தது. லாரிகளைப் பற்றி எல்லாம் தெரியும், செல்போனில் வீடியோ பார்ப்பார்.

"மச்சான், பாக்ஸு தெறந்ததும் உன் நல்ல சாமான எடுத்துக்கினு செத்த வண்டி சாமான மாட்டுவானுங்க. எல்லா கடையிலயும் இதான் நடக்குது. கிளட்சு ரெண்டு வாட்டி ஏன் போச்சின்னு நெனைக்கிற?"

நைனா பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டார் என்று மாமா எடுத்துக்கொள்வார்.

திட்டமும் மாமாவுடையதுதான். சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. நான் கடையில் உட்கார வேண்டும். "சின்னப் புள்ளைன்னா உஷாராவ மாட்டான்." பாக்ஸிலிருந்து எடுத்து வைக்கிற ஒவ்வொரு சாமானிலும் மேஸ்திரி பார்க்காத நேரத்தில் ஓர் அடையாளம் வைக்க வேண்டும். எதனால் வைப்பது? மாமா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அலமாரியிலிருந்த என் நெயில் பாலிஷை எடுத்தார். திருவாலங்காடு கோயிலுக்குப் போனபோது நான் அழுது வாங்கிய ரத்தச் சிவப்பு. பாதிதான் தீர்ந்திருந்தது. அதை ஓர் இரும்புச் சாமானுக்குத் தானம் பண்ணுவதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் பெரியவர்கள் என்னை நம்பி ஒரு வேலை கொடுப்பது அதுதான் முதல் தடவை.

பழைய டயர் ஒன்றின் மேல் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மேஸ்திரி பாக்ஸைத் திறந்து ஒவ்வொரு பல்சக்கரமாக எடுத்து, டீசலில் கழுவி, சாக்கின் மேல் வரிசையாக வைத்தார். கல்யாண வீட்டில் இலை போடுகிற மாதிரி ஓர் ஒழுங்கு. மத்தியானம் அவர் சாப்பிடக் கன்டெய்னருக்குள் போனதும், மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். ஒவ்வொரு சக்கரத்திலும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு பொட்டு. மொத்தம் ஏழு பொட்டு. வைத்துவிட்டு டயரில் வந்து உட்கார்ந்தபோது நெஞ்சு அடித்தது ஹைவேக்கே கேட்டிருக்கும்.

மேஸ்திரி கை துடைத்துக்கொண்டே வந்தார். பார்த்தார்.

"பாப்பா, இது நீ வெச்சியா?"

"இல்ல."

"அப்ப இதுங்களே வெச்சிக்கினு வந்துக்குது. நல்லாத்தான் கீது."

சிரித்தார் என்றுதான் நினைவு. பெயிண்ட் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். என் பொட்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. மூன்றாவது கியரின் சக்கரத்துக்கு வந்தபோது மட்டும் கை நின்றது. மறுபடி துடைத்தார். எழுந்து வெயிலுக்குப் போனார். திரும்பவும் துடைத்தார்.

"உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும் இல்ல? இங்க பாரு."

ஒரு பல்லின் அடியில், தலைமயிர் கனத்தில், ஒரு சிவப்புக் கோடு.

"பொட்டு பூடுச்சி. இது போவல பாரு" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. இன்றைக்கு நான் வேலை பார்க்கும் கம்பெனியில், இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சிவப்புச் சாயம் ஊற்றித் துடைப்போம். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கிக் கோடாக நின்றுவிடும். அதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அன்றைக்கு அதே வேலையை நான் தெரியாமல், இலவசமாகச் செய்திருந்தேன்.

மேஸ்திரி அந்தச் சக்கரத்தைக் கன்டெய்னருக்குள் கொண்டுபோய் அலமாரி மேல் வைத்தார். அங்கிருந்து வேறு ஒன்றை எடுத்து, பல்லை எண்ணிப் பார்த்து, சாக்கில் காலியாக இருந்த இடத்தில் வைத்தார். மாமா சொன்னது சொன்னபடியே என் கண்ணெதிரில் நடந்துகொண்டிருந்தது. திருடனை நேரில் பார்த்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நாலு மணிக்கு நைனாவும் மாமாவும் வந்தார்கள். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். மாமா நேராகக் கன்டெய்னருக்குள் போனார். டிபன் கேரியரைத் திறக்கிற அதே கை. சக்கரத்தோடு வெளியே வந்தார்.

"இன்னா மேஸ்திரி இது?"

"கீறல் உட்டுக்குது. லோடு இழுத்தா பல்லு பூடும். அதான் வேற வெச்சேன். என்னுதுதான், நல்ல சாமான்."

"சொல்லாம மாத்திடுவியா?" என்றார் நைனா.

"சொன்னா, பில்லு ஏத்துறான்னு சொல்லுவ. கிளட்சுக்கு நீ சொல்லல?"

நைனாவின் கழுத்து நரம்பு புடைத்தது. மாமா சக்கரத்தை அவர் கையில் கொடுத்தார். "எந்த ஊர்ல மச்சான் கீறலு செவப்பா இருக்கும்? இது பாப்பா போட்ட நெயில் பாலிஷு. புள்ள போட்ட கோட்டக் காட்டியே நம்மகிட்ட கத உடறான்."

"யோவ், புள்ள பொட்டுதான் வெச்சுது. கோடு போடல. அதையே கேளு."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து டீக்கடை வாசலில் நின்ற இரண்டு டிரைவர்களும் கிளாஸோடு திரும்பினார்கள். நைனா என் உயரத்துக்குக் குனிந்தார். அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. புருவத்தில் இரும்புத் தூசி, கண் சிவந்திருந்தது, உதடு லேசாகத் துடித்தது.

"நைனாகிட்ட சொல்லும்மா. நீ கோடுதான போட்ட?"

நான் வைத்தது பொட்டு. அது எனக்குத் தெரியும். ஆனால் பொட்டு என்றால் மாமா பொய்யர். நைனா ஏமாளி. இதையெல்லாம் நான் யோசித்தேனா என்றால் இல்லை, இது இப்போது எழுதும்போது வருகிற யோசனை. அப்போது நான் அந்த முகத்தை மட்டும்தான் பார்த்தேன். அதில் ஒரே ஒரு பதிலுக்குத்தான் இடம் இருந்தது.

"கோடுதான்" என்றேன்.

மேஸ்திரி என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. என் கையைப் பார்த்தார். அதில் நெயில் பாலிஷ் ஒட்டியிருந்தது.

"என் சாமானயே மாட்டு" என்றார் நைனா.

"நான் மாட்ட மாட்டேன்."

"அப்ப தெறந்த பாக்ஸோட வேற கடைக்கு இழுத்துக்கினு போறேன். திங்கக்கெழம என் எடம் போனா நீ வந்து ஆபீஸ்ல பதில் சொல்லு."

கடைசியில் மேஸ்திரி ஸ்பானரை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஒப்படைக்கும்போது நைனாவிடம் சொன்னார்: "மூணுல லோடு இழுக்காத. ரெண்டுலயே ஏறு, ஓட்டம் கெடச்சதும் நாலுக்குப் போ."

"ஓட்டத் தெரியாதவனுக்குச் சொல்லு" என்றார், மொபெட்டில் உட்கார்ந்திருந்த மாமா.

திங்கட்கிழமை வண்டி வரிசையில் நின்றது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி தெருவைவிட்டு வெளியேறும்போது ஒன்று, இரண்டு என்று கியர் சத்தத்தை எண்ணுவேன். மூன்று விழும்போது காதைப் பொத்திக்கொள்வேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் வாசலில் நின்று, "நைனா, மூணு போடாத" என்று கத்தினேன். அவர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இன்னாடி, மேஸ்திரி பொண்ணு கணக்கா பேசற?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வண்டி போய்விட்டது.

ஒன்பதாம் நாள், எளாவூர்ப் பக்கம் ஒரு மேம்பாலத்தில் கம்பி லோடோடு ஏறும்போது பல் உடைந்தது. உடைந்த துண்டு மற்ற சக்கரங்களுக்கு நடுவில் சிக்கி, பாக்ஸின் வெளிக்கூடே பிளந்துபோனது. லோடு கனத்தில் வண்டி பின்னால் உருள ஆரம்பித்ததாம். நைனா பிரேக்கை மிதித்துக்கொண்டே கத்த, கூட வந்தவர் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போட்டாராம். பின்னால் ஒரு ஸ்கூல் வேன் நின்றிருந்தது. கைநீளம் இடைவெளி என்று நைனா அம்மாவிடம் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

சாயங்காலத்துக்குள் வரிசையில் இருந்த இடம் வேறு வண்டிக்குப் போனது. மாமா போன் செய்து, "மாட்டும்போது அவன் என்னமோ பண்ணிட்டான்" என்றார். நைனா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

வண்டியைச் சங்கிலி கட்டி இழுத்து வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு தடவை கூப்பிட்டதும் வந்த ஒரே ஆள் மேஸ்திரிதான். அடுத்த நாள் அம்மா கொடுத்த சாப்பாட்டுத் தூக்கோடு நான் கடைக்குப் போனபோது, அவர் பாக்ஸில் மிச்சமிருந்த எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தார், நைனா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எண்ணெயில் இரும்புப் பொடி ஜிகினா மாதிரி மின்னியது. அதற்குள் கையை விட்டுத் துழாவி உடைந்த பல்லை எடுத்தார். துடைத்தார். நைனாவின் உள்ளங்கையில் வைத்தார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை இல்லை. "டீ குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டார்.

நைனா அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். உடைந்த பக்கம் புதுசாக, வெள்ளையாகப் பளபளத்தது. ஓர் ஓரத்தில் மட்டும், ஓர் அரிசி அகலத்துக்கு, உள்ளுக்குள் சிவப்பு. மேலே போட்ட கோடு இரும்புக்குள் போகாது. அது பத்து வயசுக்கும் தெரியும்.

தூக்கின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடிக்குக் காத்திருந்தேன். நைனா பல்லைச் சட்டைப் பையில் போட்டார். லாரியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, "சாப்ட்டியா?" என்றார்.

தலையாட்டினேன். அவர் கண்டுபிடிக்கவில்லை, தப்பித்தேன் என்றுதான் வீடு வரைக்கும் ஓடினேன்.

லாரி மூன்று மாதம் நின்றது. நைனா அடுத்தவர் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டினார். மாமா மேஸ்திரியைப் பற்றிப் பேச்செடுத்தால் "உடுப்பா" என்று எழுந்துவிடுவார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நைனாவிடம் ஒன்றுதான் மாறியது. என்னிடம் எதைக் கேட்டாலும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஜன்னல் பக்கமோ, டிவி பக்கமோ பார்த்துக்கொண்டுதான், "பரீட்ச எப்படி எழுதன?" என்பார். எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூடத் தட்டைப் பார்த்துத்தான் கேட்பார். என் முகத்தைப் பார்த்துப் பேசவே அவருக்குப் பிடிக்கவில்லை, உள்ளே அந்தக் கோபம் இருக்கிறது என்று நான் பத்து வருஷத்துக்கு மேல் நம்பினேன்.

போன வருஷம் எனக்கு ஒரு வரன் வந்தது. மாமா கொண்டுவந்த வரன். மாப்பிள்ளை வீட்டார் பேசிவிட்டுப் போன பிறகு, நைனா கொல்லைப்பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நன்றாக ஓடுகிற மோட்டார்தான்.

"புடிச்சிருந்தா புடிச்சிருக்குன்னு சொல்லு. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லு" என்றார், மோட்டாரிடம்.

பழக்கதோஷத்தில் பதிலுக்காக அவர் முகத்தைத் தேடினேன். முகம் இல்லை. வியர்த்த முதுகும், பிடரியில் நரைத்த முடியும்தான் இருந்தன. அவர் துடைத்துக்கொண்டே காத்திருந்தார், எவ்வளவு நேரமானாலும் திரும்புவதில்லை என்கிற மாதிரி.

"புடிக்கல நைனா" என்றேன்.

"சரி" என்றார். அதற்குப் பிறகுதான் திரும்பினார்.