அரை அங்குலம் உயர்ந்த தரை

பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டுவது சுலபம் என்று யாராவது சொன்னால், அவர் அந்த வேலையைச் செய்ததில்லை என்று அர்த்தம். முட்டி தேய்ந்த என் சகாக்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. தரை அரை அங்குலம்தான் உயரும், தலைவலி ஆளுயரத்துக்கு வரும்.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு வீடு. வீட்டுக்காரர் ராகவன் சார் ஹாலில் விழுந்து, முட்டியில் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் இருந்தார். வழவழ மொசைக் தரைதான் அவரை வழுக்கிவிட்டது என்று அவர் மனைவி ஜெயா அம்மா முடிவு கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை சார் வாக்கரோடு வருவதற்குள் ஹாலிலும் படுக்கையறையிலும் சொரசொரப்பான டைல்ஸ் போட்டு, அது காய்ந்தும் இருக்க வேண்டும். கையில் நாலே நாள். மறுபடி ஒரு தடவை விழுந்தால் அவர் கால் தாங்காது.

தட்டிப் பார்த்தது

பழைய கல்லில் எது உள்ளே பொள்ளலாக இருக்கிறதோ, அதன் மேல் ஒட்டியதும் கூடவே பெயர்ந்து வரும். அதனால் நானும் என் கூட்டாளி சையத் பாயும் ஆளுக்கொரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து ஒவ்வொரு கல்லாகத் தட்டிச் சத்தம் கேட்டோம். மதியம் வரை ஒரு டைல்ஸ்கூட ஒட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஜெயா அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்ப்பா, டாக்டர்கூட அவரை இவ்ளோ தட்டிப் பாக்கலையே!"

பூஜை அறைக் கதவு

பூஜை அறைக்குள் நாங்கள் போகக் கூடாது என்று ஜெயா அம்மா அதன் கதவைச் சாத்தி வைத்திருந்தார். நாங்களும் கதவு வரைக்கும் கச்சிதமாக டைல்ஸ் ஒட்டிவிட்டு, பெருமையாக வீட்டுக்குப் போனோம். வியாழன் காலை அவர் குளித்துவிட்டு வந்து கதவை இழுக்கிறார், வரவில்லை. அது ஹால் பக்கம் திறக்கும் கதவு. உயர்ந்த தரையில் முட்டிக்கொண்டு நின்றது.

முதலில் கதவைக் கழற்று, பிறகு தரையைத் தொடு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். வெட்கத்தில் வியர்த்துவிட்டது. பாய்தான், "டென்ஷன் நக்கோ, டென்ஷன் வேணாம் மேஸ்திரி" என்று சொல்லி, கீலின் ஆணிகளைத் தட்டி எடுத்துக் கதவைத் தூக்கினார். அடியை அறுத்து மாட்டினோம். அரை மணியில் சாமி விளக்கு எரிந்தது. எனக்கும் உயிர் வந்தது. ஜெயா அம்மாவே சிரித்துவிட்டார்.

"அவர் ஆஸ்பத்திரில மாட்டிக்கிட்டது போதாதுன்னு சாமியையும் உள்ள மாட்ட வெச்சிட்டீங்களே!"

வெள்ளிக்கிழமை

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கல்பட்டி அரை அங்குலம் தூக்கிக்கொண்டு இருந்தது. இப்போது இரண்டு பக்கத் தரையும் அதற்குச் சமமாகிவிட்டது. அழகான பட்டி முங்கிப்போச்சே என்று ஜெயா அம்மாவுக்குக் குறை. அதற்குள் ராகவன் சார் வந்துவிட்டார். வாக்கரை ஊன்றி ஊன்றி வந்தவர், சரியாக அந்தப் பட்டியின் முன்னால் நின்றார். மெதுவாகக் காலைத் தேய்த்துப் பார்த்தார், தடுக்கவில்லை. தாண்டிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அப்பாடா என்று எனக்கு நெஞ்சு லேசானது.

மனைவியைக் காபி போட அனுப்பிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"மேஸ்திரி, மொசைக் மேல ஒரு தப்பும் இல்ல. போனைப் பாத்துக்கிட்டே வந்து இந்தப் பட்டியில இடறித்தான் விழுந்தேன். ஜெயாகிட்ட மூச்சு விட்டுடாதீங்க!"

தரை மேல் தரை போடுகிறவனுக்கு, அடியில் என்ன இருக்கிறது என்று தட்டிப் பார்க்கத் தெரிந்தால் மட்டும் போதாது, தெரிந்த பிறகு காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் கிளம்பவும் தெரிய வேண்டும்.