எந்த ஆளுடனும், எந்தவிதமான சண்டையும்

நான் எழுதிய ஒரு கொந்தறாத்தால், அதாவது ஒப்பந்தத்தால், குருநகரின் மிகப் பலசாலியான மனிதன் ஆண்டுக்கணக்காக அடி வாங்கினான். எழுதியதில் பிழையில்லை. அதற்கு நான் சொன்ன விளக்கம்தான் என் குற்றம்.

எண்பத்துமூன்றின் தொடக்கத்தில் யாழ்ப்பாண நகரில் கந்தோர் வைத்துச் சட்டத்தரணியாக இருந்தேன். வேலி வழக்கு, கிணற்றுப் பங்கு வழக்கு, பூவரசங்கிளை அடுத்த வளவுக்குள் நீட்டிய வழக்கு, இவைதான் என் பிழைப்பு. ஒருநாள் களியாட்ட விழாக்கள் நடத்தும் முதலாளி ஒருவர் ஒரு மீனவ இளைஞனைக் கூட்டி வந்தார். கொழும்புத் துறைமுகத்தில் வேலைசெய்தபோது குத்துச்சண்டை பழகியவன். கொழும்பிலிருந்து ஒரு வீரனை வரவழைத்து இவனோடு மோதவிடப் போவதாகவும், அதுவரை இவன் வேறு எவருடைய மேடையிலும் ஏறாதபடி எழுத்தில் கட்டவேண்டும் என்றும் சொன்னார்.

வேலியை விட்டு வெளியே வந்த உற்சாகத்தில், ஆங்கிலச் சட்டப் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன்: "மேற்படி போட்டி நடந்து முடியும்வரை, முதலாளியின் எழுத்துமூலச் சம்மதமின்றி, எந்த ஆளுடனும், எவ்விடத்திலும், எந்தவிதமான சண்டையிலும் ஈடுபடலாகாது." எழுந்து நின்று வாசித்தும் காட்டினேன்.

இளைஞன் தயங்கினான். "எந்தவிதமான எண்டா... றோட்டுச் சண்டையுமோ ஐயா?"

இல்லை. மேடைச் சண்டை மட்டுந்தான் என்பதே உண்மை. ஆனால் முதலாளி என்னை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம். எல்லாம் அடங்கும்" என்றேன்.

இந்தச் செய்தி அவனுக்கு முன்னே குருநகர்க் கரைக்குப் போய்விட்டது. அவன் விரும்பிய பெண்ணின் தமையனுக்கு அவனைக் கண்ணில் காட்டக்கூடாது. அடுத்த ஞாயிறு பூசை முடிய, கோயில் வாசலில் வைத்துக் கன்னத்தில் ஒன்று விட்டான். குத்துச்சண்டைக்காரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றானாம்.

மறுநாள் வீங்கிய கன்னத்தோடு என் கந்தோருக்கு வந்தான். முதலாளியும் இருந்தார்.

"ஐயா, ஒரேயொரு அடி. பலமா அடிக்கமாட்டன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் முதலாளியைப் பார்த்தேன்.

"சம்மதம் தாறன்," என்றார் அவர். "ஆனா மேடையிலை. ரிக்கெற் போட்டு."

தமையனிடம் கேட்டுப் பார்த்தார்கள். "கீழை நிண்டு சும்மா அடிக்கலாம். பிறகு நான் ஏன் மேடையேறி அடி வாங்கோணும்?" என்றான். நியாயமான கேள்வி.

அதன்பின் கரையில் வலை சிக்கியவனும், மனைவியிடம் ஏச்சு வாங்கியவனும் கோபம் தீரக் குத்துச்சண்டைக்காரனைத் தேடத் தொடங்கினார்கள். "வாறார் கொந்தறாத்துக்காரர்! எங்கை, பிடரியைக் காட்டும் பாப்பம்!"

ஆடி இனக்கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து எந்த வீரனும் வருவதற்கில்லை. முதலாளி கூடாரங்களை விற்றுவிட்டு, விலாசம் சொல்லாமல் வெளிநாடு போனார். போட்டி நடக்காததால் கொந்தறாத்தும் முடியவில்லை. சம்மதம் தர ஆளுமில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்த நேரம் அவன் விரும்பிய அந்தப் பெண் வந்தாள்.

"எந்த ஆளோடையும் எண்டா, கட்டின பெண்சாதியும் அடங்குமோ ஐயா?"

"அடங்கும்." வாய் பழகிவிட்டது.

"எங்கடை அப்பாவும் அண்ணையும் கைநீட்டுற ஆக்கள். அம்மா பட்டது காணும். கொந்தறாத்தை மட்டும் முடிச்சுப்போடாதேங்கோ."

அவர்களுக்குக் கலியாணம் நடந்தது. தமையன் வந்து கேக் சாப்பிட்டான். போகும்போது, பழக்கதோஷத்தில், மாப்பிள்ளையின் பிடரியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

தொண்ணூற்றைந்தில் போரால் ஊரே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, மழைக்குள் அவனைக் கண்டேன். மூட்டை கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான், பக்கத்தில் அவள். அவன் சில்லு முன்னால் போனவனின் காலில் ஏறிவிட்டது. அந்த ஆள் திரும்பிப் பளீரென்று அறைந்தான். சைக்கிள் விழுந்தது. குத்துச்சண்டைக்காரனின் கைகள் தாமாகப் பின்னால் போயின. அப்போதுதான் என்னைக் கண்டான்.

"ஐயா! அந்தக் கொந்தறாத்து இன்னும் கிடக்குதோ?"

கந்தோரையும் அலுமாரியையும் அப்படியே விட்டுவிட்டு நடந்தவன் நான். அன்று அவன் கேட்ட அந்த ஒரேயொரு அடிக்கு நான் அவனுக்குக் கடன்பட்டிருந்தேன். சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"கிடக்குது" என்றேன்.

அவன் அந்த ஆளிடம் திரும்பினான். "உன்ரை நல்லகாலம்" என்று சொல்லிவிட்டு, குனிந்து சைக்கிளை நிமிர்த்தினான்.