சைக்கிளுக்கு வழி கேட்ட மரகதம் அக்கா

கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது செல்வியின் போன் வந்தது. எதிரே பாத்திரக்கடையில் வேலை பார்க்கும் பெண். "அண்ணே, நம்ம அக்கா விடியக்காலைல தவறிட்டாங்கண்ணே" என்றாள். முந்தைய நாள் மாலைதான் என்னிடம் நன்றாகச் சண்டை போட்டுவிட்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறியவர். நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறார். மகன் ஆட்டோ பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தூக்கிய ஷட்டரை இறக்கிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மலைக்கோட்டைக்குக் கீழே, நம் கடைத்தெருவில் மரகதம் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. கணவர் போன பிறகு அந்தப் பாத்திரக்கடையை ஒற்றை ஆளாக நடத்தியவர். அவர் அண்டாவுக்கு விலை சொன்னால் என் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் விலை தெரிந்துவிடும். அவரை உத்தமி என்று எழுதினால் அவரே சிரிப்பார். பேரத்தில் கல்நெஞ்சுக்காரி. குடத்தையும் வாளியையும் ரோடு வரைக்கும் அடுக்குவதில் தெருவுக்கே வழிகாட்டி. ரோட்டை அவரைப்போல் ஆண்டு அனுபவித்தவர் நம்மில் யாரும் இல்லை.

அதெல்லாம் ஒரு மழைநாள் வரைக்கும்தான். அன்று செல்வி முழங்கையில் ரத்தத்தோடு கடைக்கு வந்தாள். உறையூரிலிருந்து சைக்கிளில் வருகிறவள். ஒரு பக்கம் டவுன் பஸ், மறுபக்கம் கடைகளை ஒட்டி நிறுத்திய வண்டிகள். நடுவில் ஹேண்டில்பார் சிக்கி விழுந்திருக்கிறாள். பின்னால் வந்த ஆட்டோக்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தாள். அக்கா டெட்டாலைத் தேடிக்கொண்டே, "மெதுவா வரக் கூடாதாடி?" என்று அதட்டினார். "மெதுவாத்தான்க்கா வந்தேன். போறதுக்கு எடம்தான் இல்ல" என்றாள் அவள். டெட்டாலோடு திரும்பிய அக்கா, ரோடு வரைக்கும் அடுக்கியிருந்த தன் குடங்களையும் வாளிகளையும் பார்த்தார்.

கொஞ்ச காலத்தில் மாநகராட்சி ரோட்டோரமாகப் பச்சைப் பட்டை அடித்து, சைக்கிளுக்கென்று தனிப்பாதை ஒதுக்கியது. சோதனைக்குத்தான், வியாபாரிகள் ஒத்துக்கொள்ளாவிட்டால் எடுத்துவிடுவோம் என்றார்கள். நாம் ஒத்துக்கொள்வோமா? வண்டி நிறுத்த இடமில்லாவிட்டால் கஸ்டமர் எப்படி வருவார் என்று சங்கக் கூட்டத்தில் ஒரே கூச்சல். எதிர்ப்பு மனுவில் முதல் கையெழுத்துக்கு அக்காவிடம்தான் பேனாவை நீட்டினோம். அவர் வாங்கவில்லை.

"எல்லாரும் வண்டிச் சாவிய எடுத்து மேஜைல வைங்க" என்றார். ஏதோ வேடிக்கை என்று நினைத்து வைத்தோம். மேஜை நிறையச் சாவி. "கடை தொறக்கறப்ப வாசல்ல வந்து நிக்கிறது பூரா இந்த வண்டிங்கதான். கடை சாத்துற வரைக்கும் நகராது. அப்புறம் கஸ்டமர் வண்டி எங்கங்க நிக்கும்?"

"அதுக்காக நம்ம வண்டியத் தலையிலயா தூக்கி வச்சுக்கிறது?" என்றார் ஒருவர்.

"பின்தெரு கல்யாண மண்டபத்துல எடம் சும்மாத்தான கெடக்கு. கேட்டு வச்சிருக்கேன்."

"முகூர்த்த நாள்ல?"

"அன்னிக்கு பஸ்ல வாங்க. நான் தெனமும் வரல?"

சிரிப்பில் கூட்டம் கலைந்தது. மனுவில் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

பேச்சோடு அவர் நிற்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். மறுநாளே தன் வாளிகளை உள்ளே இழுத்தார். "கண்ணுல படாத சாமான எவன் வாங்குவான்" என்று புலம்பிக்கொண்டேதான் இழுத்தார். அந்தத் தீபாவளிக்கு அவருக்கு வியாபாரம் மந்தம். முகம் வாடியிருந்தது. ஓரமாகக் கொஞ்சம் வெளியே வைத்துக்கொள்ளுங்களேன் என்று மனசு கேட்காமல் சொன்னேன். "ரோடு என்ன தம்பி, நம்ம ஷோகேஸா?" என்று என்மேல் பாய்ந்தார். பாதையில் எந்த வேன் ஏறினாலும் கையில் இருக்கும் கரண்டியோடு தெருவில் இறங்கிவிடுவார். கடைகளில் வேலை பார்க்கும் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மெல்ல அந்த வழியில் வரத் தொடங்கினார்கள். ஆனால் நமக்குத் தெரியும், அக்காவின் சத்தத்துக்குப் பயந்துதான் பாதை காலியாக இருந்தது.

அவர் இறந்த அன்று மதியத்துக்குள் பச்சைப் பட்டையில் வண்டிகள் ஏறிவிட்டன. நாம் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரும் அதன் மேல்தான் நின்றது. மாலையில் அவரைச் சுமந்த ஊர்தி கடை வாசலுக்கு வந்தது. ஓட்டுநர் ஓரம் கட்டுவதற்காகப் பாதைப் பக்கம் திருப்பினார். செல்வி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"அதுல ஏத்தாதீங்கண்ணே. அக்காவுக்குப் புடிக்காது" என்று அழுதாள்.

மகன் ஓட்டுநரைப் பார்த்துத் தலையசைத்தார். ஊர்தி நடுரோட்டிலேயே நின்றது. யாரும் சொல்லாமலே ஒவ்வொருவராக வண்டிகளை எடுத்தோம். சங்கத் தலைவர் பேனரைத் தூக்கித் தன் கடைக்குள் வைத்தார். பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்து, விஷயம் தெரிந்து அடங்கியது. நாம் மாலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சைக்கிளில் வந்தார்கள். தெரு மொத்தமும் நின்றிருந்தது. அவர்கள் மட்டும் அக்காவைத் திரும்பிப் பார்த்தபடி போனார்கள்.

காரியம் முடிந்து கடை திறந்த அன்று ஒரு சரக்கு வேன் பாதையில் ஏறி நின்றது. எதிர்க்கடையிலிருந்து சத்தம் வரும் என்று காத்திருந்தேன். அது இனி வராது என்று அப்புறம்தான் உறைத்தது. சண்டை என்றாலே கடைக்குள் போய்விடுகிற ஆள் நான். கண்ணாடி துடைக்கும் துணியோடு தெருவில் இறங்கி, "வண்டிய எடுங்க சார்!" என்று கத்தினேன். குரல் பிசிறடித்தது. வேன் ஓட்டுநர் முறைத்தார், ஆனாலும் எடுத்தார். உள்ளே வந்து அழுதேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சத்தத்தைத்தான். எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. தினமும் போட்டுப் பார்க்கிறேன்.